தாழ்வாரத்தின் அகலம்

பெங்களூர் ஐஐஎம் வளாகத்தைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். அதை வடிவமைத்த பி.வி. தோஷிக்கு ஃபத்தேபூர் சிக்ரியும் மதுரையும் உந்துதலாக இருந்தன என்று. முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மதுரைக்காரனுக்கு இது பழகிப்போன விஷயம். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஹோட்டல் என்று எது கட்டினாலும் முகப்பில் இரண்டு தூண், ஒரு யாளி, சிமெண்டில் ஒரு குட்டிக் கோபுரம் வைத்துவிட்டு ‘பாரம்பரியம்’ என்று சொல்லிவிடுவார்கள். இவரும் அந்த வகைதானா என்று நினைத்தேன்.

ஆனால் படங்களில் கோபுரம் இல்லை. யாளி இல்லை. சாம்பல் நிறக் கருங்கல் சுவர், கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் மேல் படர்ந்த கொடி, அவ்வளவுதான். இதில் மதுரை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கம்பெனி எங்கள் குழுவை அந்த வளாகத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்று ஒரு வரிகூட நினைவில் இல்லை. தாழ்வாரங்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தத் தாழ்வாரங்களைப் பற்றியது. அதோடு, எனக்குக் கிடைக்காமல் போன ஒரு தாழ்வாரத்தைப் பற்றியதும்கூட.

*

முதலில் கட்டடம்.

ஐஐஎம் பெங்களூர் 1973இல் தொடங்கப்பட்டது. பன்னேர்கட்டா சாலையில் கிடைத்த 100 ஏக்கர் நிலத்தில் நிரந்தர வளாகம் கட்டும் பொறுப்பு தோஷிக்கு வந்தது. 1977இல் தொடங்கிய வடிவமைப்பும் கட்டுமானமும் கட்டம் கட்டமாகத் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை நீண்டன. தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 90. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர். 2023 ஜனவரியில் இறந்துபோனார்.

இளைஞராக இருந்தபோது பாரிஸில் லெ கார்பூசியேவிடம் வேலை பார்த்தவர் தோஷி. கார்பூசியேவின் கட்டடங்களை மேற்பார்வையிட 1954இல் இந்தியா திரும்பினார். பிறகு அகமதாபாத் ஐஐஎம் வளாகத்துக்கு லூயி கான் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வருவதற்கும் அவரே காரணமாக இருந்தார். ஆக, இருபதாம் நூற்றாண்டு நவீனக் கட்டடக் கலையின் இரண்டு பெரிய ஆட்களோடு பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். பெங்களூர் வளாகம் அவருடைய ஐம்பது வயதுக்குப் பிறகான வேலை. வாத்தியார்களிடமிருந்து விலகி வந்தபின் கட்டியது.

இந்த விலகலைப் புரிந்துகொள்ள அகமதாபாத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கானின் வளாகம் செங்கல். பெரிய பெரிய வட்டத் திறப்புகள், வளைவுகள், வடிவியல் துல்லியம். வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கோட்டையைப் பார்ப்பதுபோல இருக்கும். அதை ஒரே படத்தில் எடுத்துவிடலாம், போஸ்டராக ஒட்டலாம். தோஷியின் பெங்களூர் வளாகத்தை அப்படி எடுக்க முடியாது. நான் மூன்று நாளும் முயற்சி செய்தேன். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரு துண்டுதான் கிடைத்தது. ‘இதுதான் முகப்பு’ என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் எனக்கு முதல் பொறி தட்டியது. மீனாட்சி கோயிலுக்கு முகப்பு எது?

பதினான்கு கோபுரங்களில் எதைச் சொல்வீர்கள்? உயரமானது தெற்குக் கோபுரம். ஆனால் சம்பிரதாயமாக உள்ளே போகும் வழி கிழக்கில், அதுவும் கோபுரத்தின் வழியாக இல்லை, அம்மன் சன்னிதிக்கு நேரே உள்ள அஷ்டசக்தி மண்டபம் வழியாக. வெளியே இருக்கும் கோபுரங்கள் பெரியவை. உள்ளே போகப் போக எல்லாம் சிறிதாகிக்கொண்டே வரும். கடைசியில் கருவறை, ஒரு சின்ன இருட்டு அறை. அந்தக் கோயிலை யாரும் ‘பார்ப்பது’ இல்லை. நடந்து நடந்துதான் அது நமக்குத் தெரியவரும். கோயிலைச் சுற்றியுள்ள ஊரும் அப்படித்தான். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெருக்கள். அந்தத் தெருக்களை வரைபடம் பார்த்து எவரும் கற்றதில்லை. சாமி வரும், பின்னால் போவோம், தெரு தெரிந்துவிடும்.

தோஷி மதுரையிலிருந்து எடுத்துக்கொண்டது இந்த நடையைத்தான், உருவத்தை இல்லை. என்னுடைய வாசிப்பு இது. பெங்களூர் வளாகத்தில் வகுப்பறைகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய பின்னணிப் பாத்திரங்கள். கதாநாயகன் தாழ்வாரம். சில இடங்களில் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. சில இடங்களில் மேலே கூரை, சில இடங்களில் வெறும் உத்தரங்கள், சில இடங்களில் திறந்த வானம். அகலமும் ஒரே சீராக இல்லை. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று விரிகிறது. அங்கே உட்கார ஒரு திண்டு. மறுபடி குறுகுகிறது. திரும்பினால் ஒரு முற்றம். மதியம் மூன்று மணிக்கு உத்தரங்களின் நிழல் தரையில் கோடு கோடாக விழுகிறது. ஐந்து மணிக்கு அதே கோடுகள் சுவரில் ஏறியிருக்கின்றன.

அகலம் மாறுவது தற்செயல் இல்லை. ஆட்கள் நிற்கவும் உட்காரவும் பேசவும் வேண்டும் என்பதற்காகவே தோஷி அகலத்தை இடத்துக்கு இடம் மாற்றினார். படிப்பு வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகும் வழியிலும் நடக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

*

நான் படித்த பொறியியல் கல்லூரியின் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று. நீங்கள் படித்ததும் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருந்திருக்கும்.

எங்கள் ‘பிளாக்’ நான்கு மாடி. நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் வகுப்பறை. இரண்டு பக்கமும் அறை என்பதால் நடுவில் வெளிச்சம் கிடையாது. பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். அந்தக் காரிடாரில் நின்று பேசக் கூடாது. நின்றால், “என்ன இங்க கூட்டம்?” என்று குரல் வரும். பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. இரண்டாம் ஆண்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் லேப் ரெக்கார்டு வாங்குவதற்காக ஒரு நிமிடம் நின்றேன். மறுநாள் என் அப்பாவை ஊரிலிருந்து வரச் சொன்னார்கள்.

அப்பா கொத்தனார். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு, எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து உசிலம்பட்டி, அங்கிருந்து ஆரப்பாளையம், அப்புறம் இன்னொரு பஸ் என்று வந்து சேர்ந்தார். துறைத் தலைவரின் அறைக்கு வெளியே, அந்த இருட்டுக் காரிடாரில், இரண்டு மணி நேரம் நின்றார். உட்கார அங்கே எதுவுமில்லை.

இதை ஒழுக்கக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட பிரச்சினையாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது இதைக் கட்டடக் கலைப் பிரச்சினையாகவும் பார்க்கிறேன். ஏஐசிடிஇ வெளியிட்டுவந்த அனுமதிக் கையேடுகளில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு இருக்கும். வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், டுட்டோரியல் அறைக்கு 33 என்று. எல்லா அறைகளையும் கூட்டி, அதில் கால் பங்கு ‘நடமாட்டப் பரப்பு’ என்று சேர்த்துக்கொள்ளச் சொல்லும். காரிடார், படிக்கட்டு எல்லாம் அந்தக் கால் பங்குக்குள். கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்தபட்ச அளவைச் சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் கல்லூரி கட்டுகிறவர் அந்தக் குறைந்தபட்சத்தையே இலக்காக எடுத்துக்கொள்ளும்போது காரிடார் என்பது அறைகளுக்கு நடுவில் மிஞ்சிப்போன சந்தாகிவிடுகிறது. சந்தில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் போக முடியாது. அப்புறம் ‘நிற்காதே’ என்று சொல்ல வாட்ச்மேனே தேவையில்லை. கட்டடமே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் சினிமா ஒரு வேடிக்கை செய்தது. மனப்பாடம் செய்யும் பொறியியல் படிப்பைக் கிண்டல் செய்த ‘3 இடியட்ஸ்’ படத்தின் கல்லூரி, 2009இல், இதே பெங்களூர் ஐஐஎம் வளாகத்தில்தான் படமானது. தமிழில் ‘நண்பன்’ எடுத்தபோது கல்லூரி டேராடூனில் இருக்கும் பிரிட்டிஷ் காலத்து வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இடம் மாறியது. எதிலுமே நாம் படித்த பிளாக் இல்லை. கேமரா வைக்க அங்கே இடம் இருந்திருக்காது.

*

சரி, தோஷியைப் பாராட்டி முடித்துவிடலாமா? முடியவில்லை. எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன.

முதல் சந்தேகம் சின்னது, வெயில் சம்பந்தப்பட்டது. மீனாட்சி கோயிலின் பிரகாரம் இருட்டானது. தலைக்கு மேலே கனமான கல் கூரை. சித்திரை மாதத்தில் வெளியே கால் வைக்க முடியாதபோது உள்ளே தரை ஜில்லென்று இருக்கும். அந்த இருட்டு மதுரை வெயிலுக்கான பதில். தோஷி அந்தக் கூரையைப் பிய்த்துவிட்டு வெளிச்சத்தை உள்ளே விட்டார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அது சரி. அதே கட்டடத்தை எழுமலையில் கட்டினால் மே மாதத்தில் ஒருவனும் அந்தத் திண்டில் உட்கார மாட்டான். ஆகவே ‘மதுரையை அடிப்படையாகக் கொண்டது’ என்று சொல்வதைவிட, மதுரையைப் பெங்களூருக்கு மொழிபெயர்த்தது என்று சொல்லலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்வதை அவரும் செய்தார். வார்த்தையை விட்டார், வாக்கியத்தின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சந்தேகம் பெரியது. கோயிலின் தாழ்வாரங்களைத் தாழ்வாரமாக ஆக்கியது கல்லா, கூட்டமா?

என் அப்பத்தா வருஷத்துக்கு ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும். பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம். பத்து நிமிடத்தில் அப்பத்தா அவர்களோடு உறவுமுறை கண்டுபிடித்துவிடும். எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்கள், வளையல் கடை, பாத்திரக் கடை. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் ஒரு சிற்பத்தின் முழங்காலில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருக்கும். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ பிடித்தது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கல்லைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் கூட்டம் குறைந்த மண்டபத்தைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று போய்விட்டது என்றும் தோன்றுகிறது. கட்டடக் கலைஞர்கள் எடுக்கும் படங்களில் மதுரை எப்போதும் இப்படித்தான் இருக்கிறது: தூண், நிழல், ஒளி. ஆள் இல்லை.

ஐஐஎம்மின் தாழ்வாரம் திறந்தது, ஆனால் வளாகத்தின் கேட் அடைத்தது. நாட்டின் பெரிய கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உள்ளே வந்தவர்களுக்குள் தற்செயலாகச் சந்திப்பு நடக்கும். ஆனால் உள்ளே வருவது தற்செயல் இல்லை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு, ஒரு ஃபீஸ், என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கம்பெனி அடையாள அட்டை. பூக்காரம்மா அந்தத் தாழ்வாரத்தில் உட்காரப்போவதில்லை.

உடனே ஒரு பதில் வரும், நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பதில்: ‘கோயில் பொது இடம், கல்லூரி அப்படி இல்லை.’ ஆனால் கோயில் எப்போது பொது இடமானது? 1939 ஜூலை 8. அன்றைக்குத்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் முழுக்க, இந்த ஊரின் பாதிப் பேருக்கு அந்தப் பிரகாரங்கள் வெளிச்சுவராக மட்டுமே தெரிந்தன. ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள் என்று எண்ணிச் சொல்கிற நம் வழிகாட்டிகள் இந்தத் தேதியைச் சொல்வது அபூர்வம். தோஷியைப் பற்றி எழுதுகிறவர்களும் ‘காலமற்ற இந்திய மரபு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலமற்றது என்று ஒன்றுமில்லை. அந்தத் தாழ்வாரத்தில் யார் நிற்கலாம் என்பதற்குத் தேதி இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. கூட்டத்தைத் தடுத்துவைத்திருந்ததும் அதே கட்டடம்தான். உள்ளே விட்டபிறகு அந்தக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டதும் அதே கட்டடம்தான். கதவு மனிதர்கள் எடுத்த முடிவு. அதை ஒருநாள் காலையில் மாற்ற முடிந்தது. தாழ்வாரம் அகலமாக இருந்ததால், கதவு திறந்த அன்றைக்கு உள்ளே இடம் இருந்தது. எங்கள் கல்லூரி பிளாக்கில் நாளைக்கே எல்லா விதிகளையும் எடுத்துவிட்டாலும் நிற்பதற்கு இடம் இருக்காது. பெங்களூர் வளாகத்தின் கதவைப் பற்றி என் குறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கதவு திறக்கும் ஒருநாளைக்குத் தயாராக இருக்கும் கட்டடம் அது.

*

அப்படி ஒருநாள் வரும்வரை அந்தக் கட்டடங்கள் நிற்குமா என்பது வேறு கேள்வி. அகமதாபாத்தில் கான் கட்டிய 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்ப, 2021 ஜனவரி 1ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் மறுபடியும், புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். செங்கல் தரம், நீர்க்கசிவு, 2001 குஜராத் பூகம்பத்தின் சேதம், தங்கும் மாணவர்களின் பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றை அப்படியே தள்ளிவிட முடியாது. ஒழுகுகிற அறையில் படுக்கிற பையனிடம் போய் ‘இது மாஸ்டர்பீஸ்’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் என் தொழிலில் இதே பேச்சைத் தினமும் கேட்கிறேன். பழைய கோடு புரியவில்லை என்றால் முதலில் வருகிற யோசனை, “எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசா எழுதிரலாம்.” எழுதி முடித்தபிறகுதான், பழையதில் விசித்திரமாகத் தெரிந்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய ஒரு சிக்கலுக்கான பதில் என்று தெரியவரும். அதே அகமதாபாத் வளாகத்தில் கானின் நூலகத்தைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். முடியாத காரியம் இல்லை.

*

பயிற்சி முடிந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது சாரம் ஏற முடிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். தோஷி, பிரிட்ஸ்கர், மீனாட்சி கோயில் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஒரு சுவரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பூசலையாப்பா இத?”

“இல்லப்பா. அப்படியே விட்டுட்டாங்க.”

“நல்லா கட்டியிருக்காய்ங்க. பூச்சு இருந்தா கோணல மறைச்சிரலாம். இதுல கல்லு ஒண்ணு எகிறி இருந்தாலும் காட்டிக்குடுத்துரும்.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்த மூலைக்கல்லு வச்சவன் வேலை தெரிஞ்சவன்” என்றார்.

நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இது இல்லை. கருங்கல் சுவரின் ‘சொரசொரப்பு’, ‘மண் சார்ந்த தன்மை’ என்று எழுதியிருந்தார்கள். பூசாத சுவர் என்பது கொத்தனாரை மறைக்காத சுவர் என்று எவரும் எழுதவில்லை. என் கட்டுரைக் குறிப்புகளிலும் அது இல்லை. நான் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மூன்று நாள் நடந்திருக்கிறேன்.

அடுத்த படம் தாழ்வாரம். ஒரு திண்டில் இரண்டு மாணவர்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இது என்ன எடம்? வராந்தாவா?”

“ஆமாப்பா. காரிடார்தான்.”

“இம்புட்டு அகலமா?” என்றார். அவரும் காரிடார் கட்டியவர்தான். மதுரையைச் சுற்றி இரண்டாயிரத்துக்குப் பிறகு முளைத்த கல்லூரி பிளாக்குகள் இரண்டு மூன்றில் வேலை பார்த்திருக்கிறார். பிளானில் என்ன அளவு போட்டிருந்ததோ அந்த அளவுக்குக் கட்டினார். என் கல்லூரியில் அவர் நின்ற காரிடாரைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை.

“உக்காரவும் எடம் விட்டிருக்காய்ங்க” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.